ரூபன் அண்ணை ஊற்றாத வாளி

செய்தி வந்தபோது நான் இறக்கக்கண்டிக் கரையில் ஒருவருடைய போட் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கை முழுக்கக் கிரீஸ். போனில் நிசாமின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் முழங்கையால் தட்டி, "பைப்பைப் பற்றியெண்டா பின்னேரம் கதைப்பம்" என்றேன்.

"பைப் இல்ல மச்சான். ரூபன் அண்ணன் மௌத்தாயிட்டார். நெஞ்சுவலி எண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிட்டு."

அதற்கு முதல் நாள்தான் மூன்று பேரும் கொத்து ரொட்டி வாங்கி வைத்துக்கொண்டு சிரித்தோம். ரூபன் அண்ணை சாப்பிடவில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போடுகிற இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னது அவருடைய மனைவி மாலா அக்கா. எனக்கு இப்படி எழுதிப் பழக்கமில்லை. கம்பஸ் படிப்பையும் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். உங்களில் பலருக்கு அவர் அலுவலகத்தில் சத்தம் போட்டுக் கதைக்கிற மனிதர். கோயிலில் கூட அப்படித்தான் என்று அக்கா சொல்லுவா. காரணம் இதுதான்: பின்னேரம் அலுவலகம் முடிய, கப்பல்துறையில் எங்கள் கொட்டகைக்கு வந்துவிடுவார். டவுனில் வைத்திருந்தால் அயலவர் அடித்தே துரத்தியிருப்பார்கள், அவ்வளவு இரைச்சல். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் வேலை. வீட்டுக்குப் போகும்போது பஞ்சை எடுக்க மறந்துவிடுவார், மறுநாளும் அது காதிலேயே இருக்கும்.

வருடப்பிறப்புப் படகுப் போட்டிக்கு டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களை வலுவாக்குவது எங்கள் வேலை. சிலிண்டரின் துவாரங்களை அராவிப் பெரிதாக்குவது அவர். நடுவில் வயிறு புடைத்த அந்தப் புகைப் பைப்பைக் கணக்குப் போட்டு, தகரம் வெட்டி ஒட்டுவது நான். கிண்ணியாவில் இருந்து வந்து படகை ஓட்டுவது நிசாம். கொட்டகையின் நடுவில், எஞ்சினின் வலுவை அளக்கிற எங்கள் டைனோ. எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, தண்ணீர்ப் பிரேக்கால் பிடித்து நிறுத்தப் பார்ப்போம். எவ்வளவு திமிறுகிறதோ அவ்வளவு குதிரைவலு. திரையில் ஒரு கோடு ஏறும். அந்தக் கோட்டுக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

என் முதல் பைப்பை ஓட்டிய நாளில் கோடு நான் நினைத்ததற்கும் மேலே போனது. போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பின்னால் இருந்து ஒரு வாளி தண்ணீர் பைப்பில் வந்து விழுந்தது. கொட்டகை முழுக்க ஆவி. கோடு பொத்தென்று கீழே. திரும்பிப் பார்த்தால் நீல வாளியோடு ரூபன் அண்ணை. எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்பதை மலரில் போட முடியாது. அவர் அசையவில்லை.

"நனையாத வள்ளம் எங்க ஓடுது எண்டு காட்டு. பிறகு நான் ஊத்தமாட்டன்."

விஷயம் சரிதான். பைப்புக்குள் போன புகையின் அழுத்த அலை திரும்பி வந்து, வெளியே ஓடப் பார்க்கிற பெற்றோலைச் சிலிண்டருக்குள் தள்ளிவிட வேண்டும். பைப் சூடாக இருந்தால் அலை நேரத்துக்கு வரும். கடல் தண்ணீர் பட்டுக் குளிர்ந்தால் பிந்தும். பிந்தினால் வலு போச்சு. படகில் அது நடந்துகொண்டேதான் இருக்கும். இது எனக்கும் தெரியும். ஆனால் அதற்காக ஒவ்வொரு முறையும் சீனக்குடாவில் இருந்து மோட்டார் சைக்கிளில் கேனில் கடல் தண்ணீர் கொண்டுவருகிற ஆளை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. குழாய்த் தண்ணீர் போதாதா என்று நிசாம் கேட்டதற்கு, கடலில் குழாய்த் தண்ணி அடிக்காது என்றார். அவ்வளவு கவனமான மனிதரும் இல்லை. பெற்றோலைக் குறைத்து ஓட்டி அவர் உருக்கிய பிஸ்டன்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அதைப் பற்றிக் கேட்டால் பஞ்சு வைத்த காதைக் காட்டுவார்.

வாளி ஊற்றி வலு விழுந்தால் திட்டுவார். விழாவிட்டால் இன்னொரு வாளி ஊற்றுவார். நல்லது என்று ஒரு சொல் வராது.

கடைசி நாள் என் நாலாவது பைப். கோடு ஏறி, ஏறிய இடத்தில் நின்றது. நானும் நிசாமும் வாளி வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றோம். வரவில்லை. அவர் கதிரையில் இருந்தபடி, "காணும், நிப்பாட்டு" என்றார். கிழவன் தோத்திட்டார் என்று நிசாம் கத்தினான். அவருக்கு நாற்பத்தைந்து கூட இல்லை. அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் ஓடிப்போய் கொத்து வாங்கி வந்தேன். வயிற்றில் காஸ், நீங்கள் சாப்பிடுங்கோ என்றார்.

செத்த வீட்டில் மாலா அக்கா யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நாங்கள் அந்தப் பைப்பை ஓட்டிய அன்று காலையிலேயே சேர்ட்டுப் பொத்தான் போடக்கூட அவருக்குக் கை தூக்க ஏலாமல் இருந்ததாம். பிழையாகப் படுத்துவிட்டேன் என்றாராம். அப்படியென்றால் அவர் என் பைப்பை ஒத்துக்கொள்ளவில்லை. வாளியைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கேட்கக்கூடாத இடத்தில் கேட்டேன். அன்றிரவு வீட்டுக்கு வந்து என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ என்று.

"பொடியன் ஒரு பைப் செய்திருக்கிறான் எண்டார். சொல்லிப்போட்டுச் சிரிச்சவர்."

"என்ன மாதிரிச் சிரிச்சவர் அக்கா?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தா. பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பிவிட்டா.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு நிசாம் கேட்டான், போட்டிக்கு எந்தப் பைப்பைப் பூட்டுவது, பழையதா புதியதா. கொட்டகையைத் திறந்தோம். அவருடைய கதிரைக்குப் பின்னால் கேன் நிறையக் கடல் தண்ணீர். அன்றைக்கும் கொண்டுவந்திருக்கிறார். ஊற்றத்தான் கொண்டுவந்தாரா, பழக்கத்தில் கொண்டுவந்தாரா, அந்தக் கையோடு எப்படித் தூக்கி ஏற்றினார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எஞ்சினை ஓடவிட்டோம். கோடு அதே இடத்துக்கு ஏறியது. நான் கேனில் இருந்து வாளியில் நிரப்பி ஊற்றினேன். கோடு கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. எனக்குக் கண் கலங்கியது. நிசாம் என்னைப் பார்த்தான்.

"இதா ஊத்துறது? பைப்புக்கு மொகம் கழுவிவிட்ட மாதிரி இருக்கு. இஞ்ச தா."

வாளியை என் கையில் இருந்து பிடுங்கி, மிச்சத் தண்ணீரை நிரப்பி, ரூபன் அண்ணை எறிகிற மாதிரியே எறிந்தான். கோடு பொத்தென்று விழுந்தது. எஞ்சின் இருமி நின்றது. கொட்டகை முழுக்க ஆவி. சிரிக்கவும் வந்தது, அழவும் வந்தது. பின்னால் இருந்து திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

பைப்பைப் பற்றித் தெரிந்துவிட்டது. அவரைப் பற்றித் தெரியவில்லை. அந்தச் சிரிப்பு கை ஏலாத மனிதன் பொடியனைச் சந்தோசமாக வீட்டுக்கு அனுப்பச் சிரித்ததா, நாளைக்கு ஊத்திக் காட்டுறன் பார் என்று சிரித்ததா? இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது அவருடைய சிரிப்புகள் பிரித்துத் தெரியுமென்றால் எனக்குச் சொல்லுங்கள்.

இப்போது ஐந்தாவது பைப்புக்குத் தகரம் வெட்டுகிறேன். அவருடைய நீல வாளியை அக்காவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அதைத் தூக்குகிற வேலையை நிசாமிடம் கொடுத்துவிட்டேன். என் பைப்புக்கு ஊற்றும்போது என் கை என்னையறியாமல் மெதுவாகத்தான் வீசுகிறது.