தவளைகளுக்கு அடியில்

மெர்வின் நோஸ்கேவுக்கு ஒன்றின் மேல் பித்துப் பிடித்தால் மூன்று வருடம் நிற்கும். சில, இரண்டே வருடத்தில் தீர்ந்துவிடும். தேனீ மட்டும் ஐந்து வருடம் இருந்தது. அவர் விட்ட பிறகும் தேனீக்கள் விடவில்லை, அதனால்தான் என்பார் அவர் மனைவி க்ளெனிஸ்.

முப்பத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர் அவர். பரோசா பள்ளத்தாக்கில் அவர் நுழையாத கொல்லைப்புறம் கிடையாது. அவரைக் கண்டு எந்த நாயும் எழுந்திருக்காது. மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறிக்க அரை நிமிடம் போதும். மிச்ச நேரமெல்லாம் அந்த வருடத்துப் பித்துக்கு. பாசி சேர்த்த காலத்தில் தண்ணீர்த் தொட்டிகளின் நிழல் பக்கத்தில் மண்டியிட்டுச் சுரண்டிக்கொண்டிருப்பாராம். முடிச்சுகள் படித்த காலத்தில் துணிக்கொடியை அவிழ்த்து வேறு விதமாகக் கட்டிவிட்டுப் போவார். அதை அவிழ்க்க அடுத்த மாதம் அவரேதான் வரவேண்டும். ஐஸ்லாந்து மொழி கற்ற குளிர்காலத்தில் ஊர் நாய்களோடு அதிலேயே பேசினார் என்கிறார்கள். நாய்கள் கேட்டுக்கொண்டன.

பேக்கரியில் அவரைப் பார்த்ததும் காலை வணக்கம் சொல்ல மாட்டார்கள். "இப்ப எது, மெர்வ்?" என்பார்கள். அவரும் கூச்சப்படாமல் பதில் சொல்வார். சூரியக் கடிகாரம். மேகம். கிர்கிஸ் எழுத்துகள். கையில் ரொட்டியோடு வரிசையில் நிற்பவர்கள் அடுத்த பதினைந்து நிமிடம் மேகத்தைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

விட்டால் விட்டதுதான். பழைய சாமான் எடுக்க நகராட்சி வண்டி வரும் வாரத்தில் நோஸ்கே வீட்டு வாசலில் ஒரு பித்து முழுசாகக் குவிந்து கிடக்கும். பட்டச் சட்டங்கள், தேன் பெட்டிகள், கண்ணாடிக் குப்பிகள். ஒன்றைக்கூட திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் சொற்கள் இந்தக் கணக்கில் வராது. மற்றவை எல்லாம் வந்து தங்கிவிட்டுப் போன விருந்தாளிகள். சொல்லுக்கு வேர் தேடுவது அந்த வீட்டின் சொந்தக்காரன்.

என்னிடம் அவர் முதலில் பேசியதும் ஒரு சொல்லுக்காகத்தான். நான் எங்கள் ஊர் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எட்டு வயதிலிருந்து இதே ஊரில் வளர்ந்தாலும் பெரியவர்களோடு பேச எனக்கு வராது. புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தவனின் பின்னால் வந்து நின்று, கதவு வைத்த இந்தப் பெட்டிக்கு உன் வீட்டுத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டார். அலமாரி என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அது போர்த்துகீசுக்காரன் விட்டுட்டுப் போனது, தம்பி. ஜன்னலும் அவனோடது. மேசையும் அவனோடது. உங்க வீட்டுல உங்களோடதுன்னு ஏதாவது இருக்கா?"

யோசித்து, கதவு இருக்கிறது என்றேன்.

"அப்ப சரி. சாத்திக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். சில நாள் நான் அவர் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பேன். கூடம், நடை, குளியலறை வரைக்கும் பெட்டிகள். தையல் அறை ஒன்றுதான் க்ளெனிஸுடையது. அங்கே மெர்வினுடைய ஒரு காகிதம்கூட நுழையக்கூடாது. "கல்யாணத்துக்கு முன்னாடி இவருக்குச் செஸ் மட்டும்தான் பிடிக்கும்னாங்க. எங்கம்மா, அமைதியான பையன்னு நினைச்சுட்டாங்க" என்று என்னிடம் ஒரு தரம் சொன்னார்.

ரேலீன் க்ளைனிக் எதிர் வீட்டுக்காரர். அறுபத்தொரு வயது. கணவர் இல்லை, மகன் குயின்ஸ்லாந்தில். போன மார்ச்சில், திராட்சை பறிப்பு முடிகிற சமயம், வீட்டை விற்றுவிட்டு மகனிடம் போவது என்று முடிவு செய்தார். அது அவருடைய அம்மா ஹுல்டாவின் வீடு. தேவாலயத்துக் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ரேலீன் மெர்வினிடம் வந்து அந்தப் பழைய டேப்புகள் இருக்கின்றனவா என்று கேட்டார். நானும் அருகில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். ஹுல்டா க்ளைனிக் இந்தப் பள்ளத்தாக்கின் பழைய ஜெர்மனில் பிறந்து வளர்ந்தவர். நூற்றெண்பது வருடத்துக்கு முன் கப்பலில் வந்தவர்கள் பேசிய ஜெர்மன். முயல், வேலி போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஆங்கிலச் சொல் கலந்தது. 1987இல் மெர்வின் பதினொரு சனிக்கிழமைகள் அவர் சமையலறையில் உட்கார்ந்து, பேசவிட்டு, பதினொரு கேசட்டுகளில் பதிவு செய்தார். இரண்டு வருடத்தில் ஹுல்டா இறந்துபோனார்.

ரேலீனுக்கு ஏழு வயதிருக்கும்போது பள்ளிப் பேருந்து நிற்குமிடத்தில் ஹுல்டா ஜெர்மனில் ஏதோ சொல்ல, மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள். இனிமேல் வெளியில் வாயைத் திறக்காதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள் சிறுமி. ஹுல்டா அதை வெளியோடு நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு மகளிடம் ஜெர்மனில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில், கடையில் பேசுவது மாதிரி, இருபத்து மூன்று வருடம்.

"என்கூட பேசும்போது அம்மா ஒரு நாளும் ஜோக் அடிச்சதில்ல. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. எனக்குப் புரியாது. உங்க டேப்புலதான் அந்த அம்மா இருக்காங்க, மெர்வ். முகம் போட்டோல இருக்கு. குரல் எனக்கு மறந்தே போச்சு."

மெர்வின், தேடிப் பார்க்கிறேன் என்றார். அப்போது அவர் கேக்கை இரண்டாக வெட்டி, அதை நாலாக வெட்டி, எட்டாக வெட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

தேட ஒன்றுமில்லை. அவருக்கு அந்த நிமிடமே தெரியும்.

அவருடைய வேலைமுறை அது. கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை எழுதுவார். சொல், அதன் ஒலிக்குறிகள், பொருள், எந்த வாக்கியத்தில் வந்தது, எங்கிருந்து வந்திருக்கலாம். ஓர் உயிரெழுத்து எவ்வளவு நீண்டது என்பதுகூட இருக்கும். ஒரு கேசட்டுக்கு நூறு அட்டை. எழுதி முடித்ததும் கேசட்டின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, காலி கேசட்டுகளின் பெட்டியில் போட்டுவிடுவார். சொற்கள் பத்திரமாகிவிட்டன, அவற்றைச் சுற்றியிருந்த சத்தம்தானே மிச்சம் என்பது அவர் எண்ணம். 1990இல் தவளைப் பித்து வந்தது. எந்த ஓடையில், எந்தத் தேதியில், எத்தனை டிகிரி வெப்பத்தில் எந்தத் தவளை கத்தியது என்று இரண்டு வருடம் பதிவு செய்தார். கேசட்டுகள் பெட்டியில் தயாராக இருந்தன.

மூன்று வாரம் அவர் ரேலீனிடம் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ரேலீன் அறைகளைக் காலி செய்துகொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் தெருவைக் கடந்து வந்து வாசலில் நின்று கேட்பார். கடைசியில் க்ளெனிஸ் நூலகத்துக்கு வந்து, என்னிடம் கேசட் போடுகிற மெஷின் ஒன்று வேண்டும் என்றார். எங்கள் பின்னறையில் ஒன்று இருந்தது.

"நீயே எடுத்துட்டு ரேலீன் வீட்டுக்கு வா. இவரைத் தனியா அனுப்பினா வழியில ஏதாவது மரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னுடுவார். நேத்து ராத்திரி இவர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க சொல்றீங்களா நான் சொல்லவான்னு."

ரேலீனின் சமையலறையில் நாற்காலிகள்கூட இல்லை. கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்தோம். மெர்வின் ஒரு காலணிப் பெட்டி நிறைய அட்டைகளும் ஒரு பை நிறைய கேசட்டுகளும் கொண்டுவந்திருந்தார். உட்காராமலே சொன்னார். எதையும் மறைக்கவில்லை. தேதிகளோடு சொன்னார்.

ரேலீன் முதலில் சிரித்தார். "தவளையா?"

"பாஞ்சோ தவளை. பெரும்பாலும்."

"எங்கம்மாவை அழிச்சுட்டுத் தவளையை வச்சிருக்கீங்க."

"ஆமா."

ரேலீன் சன்னல் பக்கம் திரும்பினார். திரைச்சீலை கழற்றிய சன்னல். பிறகு, எதுவுமே மிச்சமில்லையா என்று கேட்டார். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத ஒரு மனிதரிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

பத்து கேசட்டுகளில் தவளைகள் கடைசிவரை இருக்கின்றன. பதினோராவதில் மட்டும், மழை வந்துவிட்டதால் பதிவைச் சீக்கிரம் நிறுத்திவிட்டாராம். கேசட் பக்கத்தின் முடிவில் பழைய பதிவில் பதினாலு வினாடி தப்பியிருக்கிறது என்றார் மெர்வின்.

"அதுல அம்மா இருக்காங்களா?"

"அந்த அறையில இருக்காங்க. பேசல."

"போடுங்க."

முடிவுக்கு நேராகக் கொண்டுபோகிறேன் என்றேன். ரேலீன் வேண்டாம் என்று கையைக் காட்டினார். முதலிலிருந்தே ஓடட்டும் என்றார். முழுப் பக்கமும் கேட்டோம். முதலில் ஒன்று, பாஞ்சோ வாத்தியத்தின் தளர்ந்த தந்தியைச் சுண்டியது மாதிரி. பிறகு இன்னொன்று, தூரத்தில். பிறகு ஓடை முழுவதும். ரேலீன் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, இரைச்சலுக்குள் கையை விட்டுத் தேடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார். அங்கே ஏதோ கேட்டது என்றார். ஓட்டிப் பார்த்தோம். தவளைதான்.

நாற்பது நிமிடம் கழித்து ஒரு சொடுக்கு. தவளைகள் சட்டென்று அறுந்தன. ஓர் அறை திறந்தது. சுவர்க் கடிகாரம். கோப்பை ஒன்று தட்டில் உட்காரும் சத்தம். அப்புறம் ஓர் இளைய குரல், நாங்கள் யாரும் அறியாத மெர்வினின் குரல், ஜெர்மனில் கேட்டது; என்ன கேட்டது என்று மெர்வினே எங்களுக்குச் சொன்னார். காய்ச்சின பாலின் மேல் படியும் ஆடைக்கு ஒரு சொல் சொன்னீர்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்கள். அந்தச் சொல் மட்டும் போதும், கதை வேண்டாம். பிறகு ஒரு மூச்சு. டேப் முடிந்துவிட்டது.

ரேலீன் எனக்குச் சைகை காட்டினார். திரும்ப ஓட்டினேன். கடிகாரம், கோப்பை, கேள்வி, மூச்சு. மறுபடியும். மூன்றாவது தடவை அவர் முகத்தில் என்னவோ இளகியது.

"அந்த மூச்சு" என்றார். "பேசறதுக்கு முன்னாடி இழுக்கறாங்களே. அது அம்மாதான். எனக்குத் தெரியுது."

நான் மெர்வினைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அந்தச் சமையலறையில் அவர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சும்மா இருப்பது.

"அது என் மூச்சு, ரே" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மைக் என் பக்கத்துல இருந்தது. எனக்கு அப்ப மூக்குல சதை வளர்ந்திருந்தது. கவனிச்சா விசில் மாதிரி ஒண்ணு கேக்கும்."

ரேலீன் தானே பொத்தானை அழுத்தினார். கவனித்தார். விசில் மாதிரி ஒன்று கேட்டது.

மெர்வினுக்கு அப்போதுதான் தான் சொன்னது எங்கே போய் விழுந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அவசரமாகக் காலணிப் பெட்டியைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளி ஓர் அட்டையை எடுத்தார். அந்தச் சொல் இதில் இருக்கிறது, பால் ஆடைக்கு. இந்த வீட்டில் தவிர வேறெங்கும் நான் கேட்டதில்லை என்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். அது கிழவியின் குரலில்லை. ஆனால் நீட்டவேண்டிய இடத்தில் நீண்டு, உள்நாக்கில் உரசவேண்டிய இடத்தில் உரசி, அச்சாக ஒரு பெண் அதைச் சொல்லும் விதத்தில் எழுபத்தைந்து வயது ஆண் ஒருவரின் வாயிலிருந்து வந்தது.

"வேண்டாம், மெர்வ்" என்றார் ரேலீன். "உங்க வாயால வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆயிரத்துச் சொச்சம் அட்டைகளையும் அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று மெர்வின் சொன்னபோது, அந்த ஒலிக்குறிகளை எனக்குப் படிக்கத் தெரியாதே என்றார் ரேலீன். நான் படிக்கச் சொல்லித் தருகிறேன் என்று மெர்வின் ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். வியாழக்கிழமை லாரி வருகிறது, இன்னும் மேல் அறை கட்டவில்லை என்று ரேலீன் எழுந்தார். படியேறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

மெஷினையும் மெர்வினின் காலணிப் பெட்டியையும் நான் தூக்கிக்கொள்ள, இருவரும் தெருவைக் கடந்தோம். நல்ல வெயில். நோஸ்கே வீட்டு வாசலில் க்ளெனிஸ் நின்றிருந்தார்; எங்கள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போனார். மெர்வின் வேலிக் கதவில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஹுல்டாம்மா பேசறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கற சத்தமே வராது, தம்பி" என்றார். "நடுவுல எங்க எடுப்பாங்கன்னே தெரியாது. பாடறவங்க மாதிரி. ரேவுக்கு அது ஞாபகம் இருக்காது. நான் முதல் சனிக்கிழமையே அட்டையில எழுதி வச்சிருக்கேன்."

பெட்டியை வாங்க அவர் கையை நீட்டவில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.