மறைந்துபோன வெள்ளைக் கரை

எங்கள் அரண்மனைக் காவற்படை சண்டை போட்டு எத்தனையோ தலைமுறை ஆயிற்று. இப்போது வருஷத்துக்கு மூன்று முறை, திருவிழாவில் மலைபோல் அடுக்கித் தூக்கிவரும் காய்கறிக் குவியலுக்கு முன்னால் ஈட்டி பிடித்து நடக்கிறோம். மற்ற நாளில் நான் பைக் மெக்கானிக், அன்றைக்கு முரசுக்காரன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஜாவாவில், எங்கள் ஜோக்ஜா ஊரில், அந்தப் படைச் சட்டைக்குத் தவம் கிடக்கிறார்கள்.

படைக்கு உடை கட்டிவிடுபவர் சுவார்த்தி அக்கா. அவர் புருஷன் மார்த்தோ முப்பது வருஷம் ஈட்டிக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன், ஊர்வலத்தில் அரண்மனை வாசல் தாண்டும்போது அவர் ஈட்டி கீழே விழுந்தது.

"கை நழுவிடுச்சுங்க ஐயா."

"நழுவுற கைக்கு இங்க என்னய்யா வேலை? போய் வாத்து மேய்!" என்றான் படைத்தலைவன் ஹர்ஜோனோ. ஊர் பார்க்க, அவர் முதுகில் செருகியிருந்த கிரிஸ் கத்தியை உருவிக்கொண்டான். மார்த்தோ அண்ணன் பிறகு வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. எட்டாம் மாதம் தூக்கிக்கொண்டுதான் வந்தோம்.

அக்கா அழவில்லை. வழக்கம்போல வந்து ஹர்ஜோனோவுக்கே உடை கட்டினார். ரோஷம் கெட்டவள் என்று மனசுக்குள் திட்டினேன். நான் ஒரு மடையன்.

இடுப்பில் கட்டும் பாத்திக் துணியின் முன்மடிப்பில் வெள்ளைக் கரை வெளியே தெரிந்தால் எங்கள் கட்டு. கரையை உள்ளே மறைத்தால் பக்கத்து ஊரான சோலோவின் அரண்மனைக் கட்டு. எங்களுக்கும் அவர்களுக்கும் பங்காளிக் காய்ச்சல். ஜகார்த்தாவிலேயே வளர்ந்து, சிபாரிசில் தலைவனான ஹர்ஜோனோவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? இந்த வருஷம் அக்கா மடிக்க மடிக்க, அவன் கண்ணாடியில் மீசை முறுக்கிக்கொண்டிருந்தான். நான் பார்த்துவிட்டேன்.

"அக்கா, கரை..."

"நீ முரசப் பாரு தம்பி."

முரசைப் பார்த்தேன். ஹர்ஜோனோ முன்னால் நடப்பவன். மற்றவர்களுக்கு அவன் முதுகுதான் தெரியும். வாசலில் நின்ற அரண்மனைப் பெரியவர் கோலை உயர்த்தினார். முரசு நின்றது.

"சோலோலேருந்து எப்ப வந்தீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதே வாசலில், ஊர் பார்க்க, அவன் கிரிஸை உருவினார்கள். என் வயிறு குளிர்ந்தது.

"ஏய், நீதானடி கட்டினே!" என்று கூட்டத்தில் நின்ற அக்காமேல் பாய்ந்தான்.

அக்கா கைகூப்பினார். "ஆமாங்க ஐயா. கை நழுவிடுச்சு."

அக்காவுக்கும் அன்றோடு வேலை போயிற்று. மறுநாள் மார்த்தோ அண்ணனின் குழிக்குப் பூத்தூவப் போனோம். "நீங்க சொன்னதையே அவன்கிட்ட சொல்லிட்டேங்க," என்றார் கல்லைப் பார்த்து. அப்போதுதான் அழுதார்.