பந்தக்காலில் இறங்கிய கரண்ட்

பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்காவுக்கு மஞ்சள் நீராட்டு நடந்த அன்று எங்கள் அப்பா ஃபியூஸைப் பிடுங்கினார்.

நாங்கள் தெற்கேயிருந்து நெய்வேலிக்குக் குடிவந்து இரண்டாவது மழைக்காலம் அது. அப்பாவுக்கு எலக்ட்ரிகல் செக்‌ஷனில் வேலை. எனக்கு எட்டு வயது. அக்காவின் பக்கத்தில் தோழியாக நிற்க என்னைத்தான் சொல்லியிருந்தார்கள். புதுப் பாவாடையின் மொடமொடப்பைத் தவிர உலகத்தில் வேறெதுவும் எனக்கு முக்கியமாக இல்லை.

வாசலில் இரும்புக் குழாய்கள் நட்டுப் பந்தல் போட்டுக் கலர் பல்பு சுற்றியிருந்தார்கள். முந்தின நாள் மழையில் தரை சொதசொதவென்று கிடந்தது. குழாயை ஒட்டி மனை போட்டு அக்காவை உட்கார வைத்து, அவளுடைய அத்தை சொம்பைத் தூக்கிய நேரத்தில் அப்பா ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்தார். பந்தலைப் பார்த்தவர் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துக் குழாயில் வைத்தார். அதற்குள்ளிருந்த பொட்டு விளக்கு எரிந்தது.

“தண்ணி ஊத்தாதீங்க! பிள்ளைய எழுப்புங்க!” என்று கத்தியபடியே அவர்கள் வீட்டுக்குள் ஓடினார். பல்புகள் அணைந்தன. ஒலிபெருக்கி பாட்டைப் பாதியில் விழுங்கியது.

அக்காவின் அப்பா குறிஞ்சிப்பாடிக்காரர், சாது. அன்று அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “நல்ல காரியம் நடந்துகினு இருக்குது, வெளக்க அணைச்சிட்டீங்களே! ஒங்களுக்கு என்னாங்க வந்துச்சு?”

“குழாயில கரண்ட் இறங்குதுங்க.”

“இம்மா நேரம் எல்லாரும் தொட்டுகினுதான் இருந்தோம். யாருக்கு என்னா ஆச்சு?”

அப்பா சைக்கிள் கேரியரிலிருந்து, ஒயரைச் சோதிக்கும் மெகர் பெட்டியை இறக்கினார். ஒரு கம்பியைப் பல்பு ஒயரிலும் மற்றொன்றைக் குழாயிலும் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். ஒயரின் ரப்பர் நன்றாக இருந்தால் முள் ஏறும். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. அதைப் பார்க்க அங்கே யாருக்கும் மனமில்லை. ஃபியூஸைக் கேட்டுக் கையை நீட்டினார் அக்காவின் அப்பா. அப்பா தரவில்லை. அவர் அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அப்போதும் தரவில்லை.

“வெளக்கு அணைஞ்ச சடங்கு வெளங்குனாப்லதான்” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

மனையைத் தள்ளிப் போட்டு, பாட்டில்லாமல் தண்ணீர் ஊற்றி முடித்தார்கள். தோழியாக வேறொரு பெண் நின்றாள்.

மறுநாள் காலையில் அப்பா அவர்கள் வீட்டுப் பின்பக்கம் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பி துருவாகிப் போயிருந்தது. புதுக் கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டுக் குழியை மூடித் தண்ணீர் விட்டார். அந்த வீட்டுக் கதவு திறக்கவேயில்லை. அவர்கள் வேறு பிளாக்குக்கு மாறிப் போகும்வரை எங்களோடு பேசவுமில்லை.

சடங்கன்று இரவு, சாப்பிடும்போது அம்மா அப்பாவை நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் சோறு போட்டு ரசம் ஊற்றினாள். அப்பா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“அவனும் ஈரத்துலதான நின்னான்” என்றார். கண்ணீர் தட்டில் விழுந்தது.

“போதும். சாப்பிடுங்க” என்றாள் அம்மா.

எங்கள் சித்தப்பா காய்ச்சலில் போனதாகத்தான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் அம்மா உள்ளதைச் சொன்னாள். ஊரில் எங்கள் கிணற்று மோட்டாருக்கு ஒயர் இழுத்தது அப்பா. லீவு முடிந்துவிட்டதால் எர்த் கம்பியை அடுத்த முறை வந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டு வந்திருக்கிறார். அடுத்த முறை அவர் ஊருக்குப் போனது தம்பிக்குக் கொள்ளி வைக்க.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. ‘அவன்’ என்றது அக்காவின் வாலுத் தம்பியை என்று நினைத்தேன். பந்தலில் ஈரக்காலோடு ஓடிக்கொண்டிருந்தவன் அவன்தான். அடுத்த வீட்டுப் பையனுக்காக இப்படி அழுகிறவர், தோழியாக நிற்க முடியாமல் போன எனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.