பொட்டோடு ஒரு வெள்ளைச் சேலை

கரையில்லாத வெள்ளைச் சேலை ஒன்று வேண்டும் என்று அம்மா கேட்டதும் கடைப்பெண்ணின் முகம் மாறிவிட்டது. ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் இருக்கும் அந்தச் சேலைக்கடையில் அதுவரை கல்லு வைத்த பட்டுகளை மேசை நிறைய விரித்துப்போட்டுக் கலகலவென்று கதைத்துக்கொண்டிருந்தவள், சட்டென்று குரலைத் தாழ்த்தி, "அன்ரி... அங்கிள் எப்ப?" என்றாள். அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ பிள்ளை, அவர் வெளியிலை காருக்குள்ளை இருந்து கோப்பி குடிக்கிறார். சீலை அதுக்கில்லை." அந்தப் பெண் வெட்கம் தாங்காமல் சேலையைத் தப்பும் தவறுமாக மடித்துப் பையில் போட்டாள்.

சேலை எதற்கு என்று தெரிந்தபோது சொந்தத்துக்குள் பெரிய அமளி. அந்தக் கோடையில் அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் இலங்கைக்குப் போவதாக இருந்தது. தெற்கே, கடலோரக் களப்புநீரின் நடுவிலுள்ள ஒரு சின்னத் தீவில், யாரும் அதிகம் போகாத ஒரு புத்த விகாரைக்கு அம்மா அதை உடுத்துப் போகப்போகிறார். ஒஷாவாவில் இருக்கும் பெரியம்மா, அம்மாவின் தமக்கை, போனில் கத்தியது அறைக்கு வெளியே கேட்டது. "உனக்கென்ன விசரோடி? புருசன் இருக்க வெள்ளையோ? அதுவும் அவங்கடை விகாரைக்கோ?" இரண்டாவது கேள்வியில்தான் சூடு கூட. பெரியம்மா போரில் மகனைப் பறிகொடுத்தவர். அந்தக் கோபத்தை நான் என்றைக்கும் குறைசொல்ல மாட்டேன். அப்பாவோ வழக்கம்போல என்னிடம் பகிடி விட்டார். "கொம்மா நான் இருக்கேக்கையே ஒத்திகை பாக்கிறா."

அம்மாவின் பதில் என்னைவிடச் சில மாதம் மூத்தது. அப்பா அந்தத் தெற்குக் கரையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த காலத்தில், அம்மா என்னை வயிற்றில் வைத்திருக்கையில், தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. கந்தோருக்குப் போன அப்பா திரும்பவில்லை. தெருவில் வீடுகள் எரியத் தொடங்கியதும் அம்மா பின்வழியால் ஓடி, களப்புக்குக் குறுக்கே போட்டிருந்த மரப்பாலத்தைக் கடந்து, விகாரைக்குள் போய் விழுந்தார். அன்று பௌர்ணமி. வெள்ளை உடுத்த ஊர்ப் பெண்கள் மண்டபத்தில் விரதம் இருந்தார்கள். அங்கிருந்த பிக்கு ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, பொட்டை அழித்துவிட்டு அவர்களுக்கு நடுவில் உட்காரச் சொன்னார். கணவன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத பெண்ணிடம் இதைவிடக் கொடிய சொல் வேறென்ன சொல்ல முடியும்? அம்மா அழுதுகொண்டே அழித்தார். வாளும் பொல்லுமாக வந்தவர்கள் மண்டபத்தை எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த கிழவி அம்மாவின் கையைப் பிடித்தபடி பிரித் என்னும் பௌத்த மந்திரத்தை ஓதிக்கொண்டே இருந்தாளாம். வந்தவர்கள் போய்விட்டார்கள். சில நாள் கழித்து, ஒளிந்திருந்த அப்பாவையும் அதே பிக்குதான் தேடிக்கண்டுபிடித்து, இருவரையும் அகதிக் கப்பலுக்கு அனுப்பிவைத்தார்.

நாங்கள் போன காலையில் பாலத்துக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. அலரிப் பூக்கள் மணலில் விழுந்து கிடந்தன. யாரோ ஈர்க்குமாற்றால் கூட்டிய கோடுகள் அப்படியே இருந்தன. அவற்றை மிதிக்க மனமில்லாமல் அப்பா ஓரமாக நடந்தார். அம்மா வெள்ளைச் சேலையில், நெற்றியில் ஐந்து சதக் காசளவு குங்குமப் பொட்டோடு முன்னால் போனார். நடை முழுக்க ஒரு மிடுக்கு. பிக்கு உயிரோடிருப்பாரா என்பதுதான் கனடாவில் இருந்தே எங்கள் பயம். இருந்தார். மிகவும் முதுமை, கண் மங்கல். அம்மா தன் உடைந்த சிங்களத்தில் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார். பொட்டை அழிக்கச் சொன்னபோது அழுத பிள்ளைதானே நீ என்று கேட்டார். அந்தப் பிள்ளையும் புருசனும் உயிரோடு கரைசேர்ந்தார்களோ இல்லையோ என்று, கப்பல் போன பிறகும் பல காலம் தனக்கு மனம் அமைதிப்படவில்லை என்றார்.

அம்மா என்னையும் அப்பாவையும் பிடித்து இழுத்து அவர் முன்னால் நிறுத்தினார். தமிழிலேயே சொன்னார். "பாருங்கோ சாது. பொட்டும் இருக்கு. ஆளும் இருக்கிறார். வயித்துக்குள்ளை இருந்ததும் இந்தா நிக்குது." பிக்குவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பகிடிக்காரரான அப்பா தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பிறகு அம்மா பக்கத்து அறையில் தன் பச்சைச் சேலைக்கு மாறி, வெள்ளையை மடித்துப் பிக்குவின் முன் வைத்தார். இனி யாரும் ஓடி வந்தால் கொடுங்கள் என்றார். அவருக்கு மகளாகப் பிறந்ததில் எனக்கு எப்போதும் பெருமைதான்; அன்றைக்கு அது நெஞ்சு கொள்ளாமல் இருந்தது.

போன மாரியில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ஸ்காபரோவில் பியூனரல் ஹோமில், சடங்குக்கு முன், பெரியம்மா ஒரு வெள்ளைச் சேலையோடு வந்து, பொட்டை அழிக்கக் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாமலே ஒருக்கா அழிச்சனான். அண்டைக்கு அழிச்சதே போதும்." சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அதே பச்சைச் சேலையில், அதே பொட்டோடு அம்மா அப்பாவின் தலைமாட்டில் நின்றார். பெரியம்மா வெள்ளையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து தங்கையின் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துவிட்டார்.

போன சனிக்கிழமை அம்மாவை மறுபடியும் அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். சித்திரையில் தீவுக்குப் போகிறோம். முன்பு கொடுத்த சேலை நைந்துபோயிருக்கும் என்கிறார். இந்தமுறை பெரியம்மாவும் வருகிறார். கடையில் அதே பெண்தான், இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். வெள்ளைச் சேலை என்றதும் அம்மாவின் பொட்டை ஒருதரம் பார்த்தாள். பிறகு கண்ணாடிக் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். அங்கே நின்ற எங்கள் காரில் யாரும் இல்லை. "அன்ரி... அங்கிள்?" என்றாள்.

"ஓம் பிள்ளை, அவர் போயிட்டார்," என்றார் அம்மா. "ஆனா சீலை அதுக்கில்லை."