தாமிரபரணியில் கழுவிய இசைத்தட்டு

பழைய இசைத்தட்டுகளைச் சேர்க்கும் நான், சமீபத்தில் அவற்றைக் கழுவும் இயந்திரம் ஒன்று வாங்கினேன். தொட்டியில் தண்ணீர் ஊற்றினால், தூரிகைகளுக்கு நடுவே தட்டு சுழன்று அழுக்கு போய்விடும். காய்ச்சி வடித்த டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. சீவலப்பேரியில் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு அது பிடிக்குமா? வீட்டுக் குழாயில் வரும் தாமிரபரணியையே ஊற்றினேன்.

முதல் தட்டு, மேலப்பாளையம் நண்பர் காஜா பாய் கொண்டுவந்தது. மறைந்த அவருடைய அம்மா விரும்பிக் கேட்ட பாட்டு.

"பைய கழுவும் வே. இது ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

கழுவிக் காயவைத்து ஓட்டினால், பாட்டு முழுக்கக் கடுகு வெடிக்கிற சத்தம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திட்டுத்திட்டாக வெள்ளைப் படிவு. பாய் சட்டென்று எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். ஆனால், பேட்டரிக் கடையில் ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

தொட்டியை அலசி, தட்டை மறுபடியும் சுழலவிட்டோம். காய்ந்தபின் ஊசியை வைத்தேன். பாட்டு மட்டும் வந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. "தாமிரபரணி தண்ணில என்ன குறை பாய்?" என்றேன்.

"ஒரு குறையும் இல்ல. அதுல கரைஞ்சு கெடக்க உப்புதான் வே ருசி. தட்டுக்கு எதுக்கு ருசி?"

இப்போதெல்லாம் இயந்திரத்துக்குக் கேன் தண்ணீர்தான். ஆற்றுத் தண்ணீரைப் பாட்டுக் கேட்க வருகிறவர்களுக்குச் செம்பில் கொடுக்கிறேன்.