நபீலின் வான்கோழி

நேற்றுப் பின்னேரம் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் என் பழைய முதலாளி வந்தார். உள்ளூர்ச் செய்திக்குப் பிறகு வரும் அரட்டை நிகழ்ச்சி. கால்மேல் கால் போட்டபடி, "நபீலை உருவாக்கினது நான்தான்" என்றார். கையில் கத்தி இருந்த நேரம், கத்தரிக்காய்தான் அனுபவித்தது. அடுப்பில் வெங்காயம் கருகியதைக்கூட நான் கவனிக்கவில்லை. மனைவி வந்து சட்டியை வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கருகல் மணம் எங்கள் ஸ்டூடியோவின் மணம். காலையில் வைத்த கோப்பி பின்னேரம் வரை அங்கே கருகிக்கொண்டிருக்கும்.

நபீலை உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவன் உயிர் கொடுத்த உருவங்களை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பெரிய அமெரிக்க ஸ்டூடியோக்களின் அனிமேஷன் படங்களில், சனம் எழும்பிப் போன பிறகு ஓடுகிற பெயர்களுக்குள் அவனும் இருப்பான். பெய்ரூட்டில் சவர்க்கார விளம்பரங்களுக்குப் படம் கீறத் தொடங்கியவன். ஜெர்மனிக்குப் படிக்க வந்து, இரண்டாயிரங்களின் நடுவில் பிராங்பேர்ட்டில் என் பக்கத்து மேசைக்கு வந்து சேர்ந்தான். நாங்கள் பேசியது ஜெர்மன்தான். நினைவில் மட்டும் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார்கள், என்ன செய்வது.

ஸ்டூடியோ என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தயிர் விளம்பரமும் மலிவான சிறுவர் தொடரும் செய்கிற இடம். முதலாளிக்கு உலக அறிவு அதிகம். லெபனான்காரன் என்றதும் ஒட்டகக் காட்சிகளையெல்லாம் நபீலின் தலையில் கட்டினார்.

"எங்கட நாட்டில பனிமலைதான் இருக்கு," என்றான் நபீல். "நான் முதன்முதல் ஒட்டகம் பார்த்தது இஞ்ச, பிராங்பேர்ட் மிருகக்காட்சிச்சாலையில."

"பரவாயில்லை, இரத்தத்தில இருக்கும்," என்றார் முதலாளி.

இலங்கைக்காரன் என்பதால் எனக்கு யானைகள். ஜெர்மனியிலேயே, டோர்ட்மண்டில் வளர்ந்த நான் யானையைப் புத்தகத்தில்தான் அறிவேன். அதைச் சொல்லாமல், பரம்பரை யானைப்பாகன்போலத் தலையாட்டினேன்.

அந்த வேலையில் ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு முகக்கண்ணாடி இருக்கும். பாத்திரம் அழவேண்டுமென்றால் முதலில் நாங்கள் கண்ணாடியைப் பார்த்து அழுதுபார்ப்போம். பிறகு அந்த முகத்தை உருவத்துக்குக் கொடுப்போம். ஒருநாள் முதலாளி வாடிக்கையாளர்களைக் கூட்டிவந்தபோது நபீல் கண்ணாடி முன்னால் ஒட்டகம் மாதிரி அசைபோட்டுக்கொண்டிருந்தான். மறுநாளே கண்ணாடிகள் எல்லாம் போய்விட்டன.

"இது என்ன, சலூனோ?" என்றார்.

அந்த நாட்களில்தான் லண்டனில் பெரிய ஸ்டூடியோ ஒன்று ஆள் எடுத்தது. அங்கே சான்றிதழ் கேட்கமாட்டார்கள், செய்த காட்சிகளைத்தான் கேட்பார்கள். தன் காட்சிகளை அனுப்ப நபீல் அனுமதி கேட்டான்.

"ஏலாது. அதெல்லாம் ஸ்டூடியோவின்ர சொத்து. அங்க போற அளவுக்கு நீ இன்னும் வளரவுமில்லை."

சொன்ன மனிதருக்கு ஒரு கோடு நேராகக் கீறத் தெரியாது. நபீலிடம் உழைப்பு இருந்தது, காட்ட ஒன்றுமில்லை. இந்த வாய்ப்புப் போனால் ஆயுள் முழுக்க ஒட்டகந்தான் என்பது அவனுக்குத் தெரியும். சாப்பாட்டு இடைவேளைகளில் சொந்தமாக ஒரு காட்சி செய்யத் தொடங்கினான். கோட்டுப் போட்டுக் கழுத்துப்பட்டி கட்டிய வான்கோழி ஒன்று தொலைபேசியில் பேசுகிறது. அவ்வளவுதான்.

"கண்ணாடி இல்லாமல் என்னெண்டு செய்யப்போறாய்?" என்று கேட்டேன்.

முதலாளியின் அறைப் பக்கம் நாடியால் காட்டினான். "அந்தாள் இருக்கிறாரெல்லோ."

முதலாளி தொலைபேசியில் பேசுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரிய இடமென்றால் கழுத்து உள்ளே போய், தோள் சுருங்கி, ஆளே பாதியாகிவிடுவார். எங்களைப் போன்றவர்கள் என்றால் நெஞ்சு உப்பும். பொய் சொல்லுமுன் பெருவிரலால் கழுத்துப்பட்டியை ஒருதரம் தடவுவார். எல்லாம் அப்படியே வான்கோழிக்குப் போனது.

முடிந்ததும் நபீல் எல்லோருக்கும் போட்டுக் காட்டினான். நான் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். பார்த்தால், முதலாளியின் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது.

"இது என்ர மச்சானேதான். அவன் இப்பிடித்தான் பொய் சொல்லுவான்," என்றார். பெருவிரல் கழுத்துப்பட்டியைத் தடவிக்கொண்டிருந்தது.

நான் மேசைக்குக் கீழே எதையோ தேடப் போனேன். மேலே வரச் சற்று நேரமாயிற்று.

வான்கோழி லண்டன் போனது. அதன் பின்னால் நபீல் போனான், அங்கிருந்து அமெரிக்கா. ஸ்டூடியோவை மூடும்வரை நான் யானை கீறிவிட்டு, இப்போது காப்புறுதி நிறுவனமொன்றுக்கு இணையப்பக்கம் செய்கிறேன். பொறாமைதான், மறைப்பானேன். ஆனால் அவன் பெயர் திரையில் ஓடும்போது கை தட்டுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நேற்றைய நிகழ்ச்சியில் அந்த வான்கோழியையே போட்டுக் காட்டினார்கள். நபீல்தான் அதை எப்போதோ இணையத்தில் விட்டிருந்தான். "எல்லாம் நான் குடுத்த பயிற்சி," என்றார் முதலாளி. பெருவிரல் மேலே போனது. என் மனைவி அவரை முன்பின் கண்டதில்லை. சட்டியிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்த மனுசனும் அந்த வான்கோழியும் ஒரே மாதிரி எல்லோ?"

ஸ்டூடியோ இருந்த மாடியில் இப்போது உடற்பயிற்சி நிலையம் நடக்கிறது. மேசைகள் இல்லை, ஒட்டகங்கள் இல்லை, கருகிய கோப்பியும் இல்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டுபோய் அதற்கு முன்னால் நிறுத்தினால் என்ன என்று ஆசையாக இருந்தது. பிரயோசனமில்லை. அங்கேயும் அவருக்கு மச்சான்தான் தெரிவான்.