மஞ்சள் கோட்டுக்குள் இருந்த ஆள்

மெத்தைத் தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே பயில்வான்தான். மற்றவர்கள் ஒரு மெத்தைக்கே மூச்சு வாங்கும்போது, இவர் இரண்டைத் தலையில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி லாரியில் ஏற்றுவார். ஒருநாள் லாரிக்கு ஏறும் பலகையில் யாரோ எண்ணெயைச் சிந்தியிருந்தார்கள். பாட்டு பாதியில் நின்றது. முதுகில் பலமான அடி. கனமான எதையும் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டால், விசாரணையில் கம்பெனி வக்கீல் விபத்துக்குப் பிறகு எடுத்த ஒரு புகைப்படத்தை நீட்டினார். பயில்வான் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படி, கொட்டுகிற மழை, கம்பெனி கொடுத்த மஞ்சள் மழைக்கோட்டு போட்டு, முகம் தெரியாமல் தலையை மூடிய ஓர் ஆள். முதுகில் வாஷிங் மெஷின்.

"அது நான் இல்லைங்க."

"அப்ப யாரு?"

பயில்வான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். மனு தள்ளுபடியானது.

வீட்டில் மனைவி படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இது நான்தானே? ரிப்பேருக்குக் குடுத்த மெஷினை நான்தானே தூக்கிட்டு வந்தேன்? சொல்ல வேண்டியதுதானே!"

"எப்படிடி சொல்றது? அங்க எல்லாரும் என்னைப் பயில்வான்னு கூப்பிடுறாங்க..."

"அந்தக் கௌரவத்தை அரைச்சு முதுகுல தடவுங்க. வலி பறந்து போயிடும்."

மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு போய் மேல்முறையீடு செய்ய வைத்தாள்.

மேல்முறையீட்டை விசாரித்த அதிகாரி ஒரு பெண்மணி. மனைவி எழுந்து, "படத்துல இருக்கறது நான்தான்மா" என்றாள். ஒல்லியான வக்கீல் உட்கார்ந்தபடியே சிரித்தார். "மேடம், ஒரு பொம்பளை வாஷிங் மெஷினைச் சுமந்து மாடி ஏறினாங்கன்னா நம்புற மாதிரியா இருக்கு?"

அவள் கைப்பையைக் கணவரிடம் கொடுத்தாள். நேராக வக்கீலிடம் போய், நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பற்றி, அவரோடு சேர்த்தே தூக்கிவிட்டாள். வக்கீல் கோப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, இறக்குங்கம்மா!"

அதிகாரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். "வக்கீல் சார், அங்கிருந்தே வேற ஏதாவது சொல்லணுமா?"

மனைவி நாற்காலியை இறக்கி வைத்தாள். பழைய தீர்ப்பு ரத்தானது. சிகிச்சைச் செலவையும் படுத்திருந்த காலத்துச் சம்பளத்தையும் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது.

வெளியே வந்ததும் பயில்வான் மெல்லக் கேட்டார். "ரொம்பக் கனமாடி அந்த ஆளு?"

"மெஷினே தேவலை. அது கத்தாது."

அவர் சிரிக்கப் போய், முதுகு சுரீரென்றது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மீதியையும் சிரித்து முடித்தார்.

அதன்பிறகு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நடந்ததை அவரே சொன்னார். ஒவ்வொரு தடவையும் வக்கீல் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டே போவார். மனைவிதான் சமையலறையிலிருந்து குரல் கொடுத்து வக்கீலை இளைக்க வைப்பாள்.